பெருமாள் பெயரில் முதல் புக்கிங்

எந்த ஃபிரேம்வொர்க் நல்லது என்று கேட்டு இன்னும் யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறேன் என்றாலும் விடுவதில்லை. போன வாரம் புரோகிராம் எழுதுகிற உங்களில் ஒருவர் போன் செய்தார். புதிதாக வந்திருக்கும் ஒன்றின் பெயரைச் சொல்லி, "இதை நம்பி இறங்கலாமா மேடம்?" என்று மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கிற குரலில் கேட்டார். நான் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை என்றேன். என் மேல் அவருக்கு இருந்த மரியாதை இறங்கியது போனிலேயே தெரிந்தது.

அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன். ஃபிரேம்வொர்க் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டில் யாராவது இதை எடுத்துப் படித்தால் அவர்களுக்காக ஒரு வரி: வெப்சைட்டுக்கு வேண்டிய அஸ்திவாரம், தூண், கூரை எல்லாவற்றையும் யாரோ முன்பே செய்து வைத்திருப்பார்கள், அதை எடுத்து நமக்கு வேண்டிய மாதிரி அறை பிரித்துக்கொள்வது நம் வேலை. யார் செய்த கூரையை எடுப்பது என்பதில்தான் சண்டையெல்லாம் வரும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதி அது. நாவலூரில் ஒரு மாடியில் எங்கள் சின்னக் கம்பெனி இருந்தது. சாலையை அகலப்படுத்துகிறேன் என்று கிளப்பிய தூசி எல்லாம் எங்கள் கீபோர்டில் வந்துதான் உட்காரும். நான் செங்கல்பட்டிலிருந்து பஸ் மாறி மாறி வருவேன். வந்து சேர்வதற்குள் அன்றைய கோபத்தில் பாதி கண்டக்டர்களிடம் செலவாகிவிடும், மீதியை ஆபீசுக்கென்று பத்திரமாகக் கொண்டுவருவேன்.

எங்களுக்கு ஒரு ஹோட்டல் வேலை வந்தது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி தனித்தனிக் காட்டேஜ்களாகக் கட்டிய ஹோட்டல். முதலாளி வேதவல்லி அம்மாள். செங்கல்பட்டில் வீடு, கோயில் காரியங்களில் முன்னால் நிற்கிற குடும்பம். காலையில் பூஜையை முடித்துவிட்டு நேராக ஹோட்டலுக்கு வந்து, சமையல்கட்டு முதல் சலவை வரை ஒரு கண் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார். வரவேற்பு மேசைக்குப் பொறுப்பு தயாளன். அந்தக் கடற்கரைக்காரர், என் வயதுதான் இருக்கும். அவரோடு போனில் பேசினால் எதிர்ப்புறச் சிற்பப் பட்டறையில் கல் அறுக்கிற மெஷினும் சேர்ந்து பேசும்.

எங்களிடம் அவர்கள் கேட்டது ஒன்றுதான். ஒரே காட்டேஜ் ஒரே நாளில் இரண்டு பேருக்குப் போகக் கூடாது.

காரணம் இருந்தது. அதற்கு முந்தைய சீசனில் அவர்களுடைய பழைய வெப்சைட்டில் வந்த புக்கிங் எல்லாம் ஈமெயிலாக விழும். அதைப் பார்த்துச் சுவரில் இருந்த போர்டில் எழுதிக்கொள்வார்கள். இரண்டு மெயில் ஒன்றாக வந்த ஒரு நாள், புதுமணத் தம்பதி ஒன்றும், பிள்ளைகுட்டிகளோடு ஹைதராபாத் குடும்பம் ஒன்றும் ஒரே கதவுக்கு முன் பெட்டியோடு நின்றிருக்கிறார்கள். ஊரில் வேறு எங்கும் இடம் இல்லை.

"அப்புறம் என்ன பண்ணீங்க?" என்று நான் தயாளனைக் கேட்டேன்.

"இன்னா பண்றது மேடம். குடும்பத்த ரூமுல வுட்டுட்டு, கண்ணாலம் ஆன புள்ளைங்கள என் வூட்டுக்கு இட்டுகினு போனேன். நல்ல புள்ளைங்க. என் மாமியா கூட உக்காந்து டிவி பாத்துகினு இருந்துச்சுங்க. மீன் கொழம்பு நல்லா கீதுன்னு ரெண்டாவது தபா வாங்கி சாப்டுச்சுங்க."

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. "மொதலாளியம்மா சொல்ட்டாங்க மேடம். இன்னொரு தபா ஒரு ரூமுக்கு ரெண்டு பேரு வந்து நின்னா, மறுநாள் நான் மேசைக்கு வரத் தேவையில்லையாம். தப்பு போர்டுல எழுதனவன் பண்ணானா, மெயில் பண்ணுச்சான்னு அவங்களுக்குத் தேவையில்ல. ரெண்டு பொண்ணுங்க படிச்சுகினு கீதுங்க எனக்கு. ஒயுங்கா பண்ணிக் குடுங்க."

ஆக, நாங்கள் எழுதப் போவது தயாளனின் பிழைப்பை என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. இதை நீங்களும் நினைவில் வையுங்கள். நாம் எழுதுகிற புரோகிராம் கவிழ்ந்தால் நம்மைத் திட்டுகிறவர்கள் குறைவு. மேசைக்கு முன்னால் நிற்கிற ஒருவரைத்தான் திட்டுவார்கள்.

இனி ஃபிரேம்வொர்க் சண்டைக்கு வருகிறேன். எங்களிடம் பிரபு என்று ஒருவர் இருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம். எதையும் சத்தம் போடாமல் மரியாதையாகவே பிடிவாதம் பிடிப்பார். அப்போது வெளிநாட்டில் புதிதாக ஒரு ஃபிரேம்வொர்க் வந்திருந்தது. அதில் செய்யலாம் என்றார் பிரபு. மற்றவர்கள் எல்லாம் ஜாவா மொழியில் பழகிய கனமான பழைய ஒன்றுக்குக் கொடி பிடித்தார்கள். புதியதில் சந்தேகம் வந்தால் கேட்க நம் ஊரில் ஆளில்லை என்றார்கள். அதுவும் உண்மைதான். பிரபு பத்து வரியில் ஒரு முழுப் பக்கத்தை வரவைத்துக் காட்டினார். பழைய கட்சிக்காரர்கள் பெரிய பெரிய கம்பெனிகளின் பெயரைச் சொல்லிக் காட்டினார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. இரண்டுமே கடையில் துணியைப் பிரித்துக் காட்டுகிற வேலை.

"யாரும் எனக்குப் படம் காட்ட வேண்டாம். கடைசி ரூம் ஒண்ணு இருக்கு, ரெண்டு பேர் ஒரே நேரத்துல கேக்கறாங்க. அத மட்டும் ரெண்டு கட்சியும் எழுதிட்டு வாங்க" என்றேன்.

பழைய கட்சி ஒரு வாரம் எடுத்துக்கொண்டது. சரியாகத்தான் செய்திருந்தார்கள். ஆனால் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்க நான் ஊர்கோலம் போக வேண்டியிருந்தது. பிரபு மறுநாளே கொண்டுவந்தார். உட்கார்ந்து படித்தேன், புரிந்தது. உடைந்து போகும் நாளில் பதற்றத்தோடு இதைப் படிக்கப் போவது நான்தான். அந்த நிலையில் எனக்குப் புரியுமா என்பதுதான் என் அளவுகோல். சோதித்தும் பார்த்தோம். பிரபுவின் கம்ப்யூட்டரில் அதை ஓடவிட்டு, இரண்டு மேசையிலிருந்து ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினோம். ஒருவருக்கு அறை கிடைத்தது, மற்றவருக்கு மன்னிப்பு கிடைத்தது. திரும்பத் திரும்ப அழுத்தினோம். நான் கொஞ்சம் அழுகுணி ஆட்டம்கூட ஆடிப் பார்த்தேன். அசையவில்லை. புதியதையே எடுத்துக்கொண்டோம்.

எழுதி முடிக்கிற நேரத்துக்கு ஹோட்டலுக்கென்று வாங்கிய சர்வர் வந்து சேரவில்லை. வந்தபோது கார்த்திகை மாதம் கடைசிக்கு வந்திருந்தது. அதில் எங்கள் புரோகிராமை ஏற்றி நன்றாக ஓட்டிப் பார்க்க இரண்டு மூன்று வாரம் வேண்டும். அதற்குள் வேதவல்லி அம்மாள் கூப்பிட்டு அனுப்பினார். பஞ்சாங்கம் பார்த்தாகிவிட்டது, புதன்கிழமை காலையில் முகூர்த்தம், அன்றைக்கே எல்லாக் காட்டேஜையும் வெப்சைட்டில் திறந்துவிட வேண்டும், டிராவல் ஏஜென்டுகளுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது என்று தகவல்.

நானும் பிரபுவும் போனோம்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமா? புது சர்வர்ல இன்னும் ஓட்டியே பாக்கல" என்றேன்.

"எவ்ளோ தள்ளி?"

"ரெண்டு மூணு வாரம்."

"மார்கழி பொறந்துடுமேம்மா. மார்கழியில நான் புதுசா எதையும் ஆரம்பிக்க மாட்டேன். எங்க மாமனார் காலத்துலேருந்து கெடயாது. தைக்குப் போனா கூட்டமெல்லாம் வந்துட்டுப் போயிருக்கும். அப்புறம் யாருக்குத் தொறக்கறது?"

இது ஒரு விசித்திரமான இக்கட்டு. ஹோட்டலுக்குக் கூட்டம் வருவது மார்கழியில்தான். அந்த மாதத்தில்தான் எதையும் தொடங்கக் கூடாது. முடியாது என்று நான் சொன்னால் அவர் பழையபடி மெயிலுக்கும் போர்டுக்கும் போவார், தயாளன் இன்னொரு தம்பதியை வீட்டுக்கு அழைத்துப் போக நேரும். சரி என்று தலையாட்டினால், ஓட்டிப் பார்க்காத ஒன்றைச் சீசனுக்கு நடுவில் திறந்துவிட வேண்டும். தயாளன் கதவோரம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். 

அப்போதுதான் அம்மாளின் மகன் நாவலூரில் ஃபிளாட் வாங்கியது நினைவுக்கு வந்தது. எங்கள் ஆபீஸ் ஜன்னலில் பார்த்தால் அந்தக் கட்டடம் தெரியும்.

"உங்க பையன் ஃபிளாட்டுக்கு எப்பம்மா பால் காய்ச்சினீங்க?"

"ஆவணியில. ஏன்?"

"குடி போயிட்டாரா?"

"எங்க போனான்? லிஃப்டே இன்னும் வரல. டைல்ஸ் பாதிதான் ஒட்டியிருக்கான். நல்ல நாள் போயிடுமேன்னு பால் மட்டும் காய்ச்சிட்டு வந்தோம்."

"அதேதாம்மா. புதன்கிழம முகூர்த்தத்துல பால் காய்ச்சிடலாம். ஒரே ஒரு காட்டேஜ மட்டும் புதுசுல திறப்போம். மத்ததெல்லாம் இப்ப இருக்கற மாதிரியே மெயில்ல, போர்டுல நடக்கட்டும். சரியா ஓடுதுன்னு தெரிஞ்சதும் ஒவ்வொரு காட்டேஜா குடி போகலாம். ஏஜென்டுங்களுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்."

ஒரு காட்டேஜுக்கு அவர் தலையாட்டினார். "அதையும் நாங்க எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்லயே கொஞ்சமா ஓட்டிக் காட்டறோம்" என்று நான் இன்னும் கொஞ்சம் வசதி தேடிக்கொள்ளப் பார்த்தேன்.

"அது கெடயாது" என்றார். "மாடல் ஃபிளாட்டுல யாராவது பால் காய்ச்சுவாங்களா? எங்க குடி இருக்கப் போறோமோ அங்கதான் காய்ச்சணும். அந்தப் புது சர்வர்லதான். நெஜக் காட்டேஜு, நெஜத் தேதி. மொத புக்கிங் என் கையால, பெருமாள் பேர்ல போடுவேன்."

சரி என்று ஒத்துக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பும்போது பிரபு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு காட்டேஜுக்குத்தானுங்களாக்கா இத்தன நாள் கண்ணு முழிச்சோம்?" என்றார்.  எனக்கோ உள்ளுக்குள் அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

புதன்கிழமை குத்துவிளக்கு, வாழை இலையில் பிள்ளையார், கம்ப்யூட்டருக்கு மஞ்சள் குங்குமம், மானிட்டர் மேல் ஒரு முழம் மல்லிகை. பட்டுப்புடவையில் வேதவல்லி அம்மாள் உட்கார்ந்து, தை முதல் நாளுக்குக் கடலோரக் காட்டேஜைத் தேர்ந்தெடுத்தார். பெயர் என்ற இடத்தில் பெருமாளின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். ஊர் என்ற இடத்தில் வைகுண்டம் என்று போடலாமா என்று என்னைக் கேட்டார், போடுங்கள் என்றேன். பொத்தானை அழுத்தினார். புக்கிங் உறுதியானதாகத் திரையில் வந்தது. எல்லோரும் கை தட்டினோம். சர்க்கரைப் பொங்கல் வந்தது.

நான் ஒரு வாய் வைப்பதற்குள் வரவேற்பு மேசையிலிருந்து தயாளன் கூப்பிட்டார்.

"மேடம், ஒரு நிமிசம் இங்க வாங்க." குரல் இறங்கியிருந்தது. "இன்னாது இது? பெருமாளு ரெண்டு தபா வராரு."

அவருடைய திரையில் ஒரே காட்டேஜ், ஒரே தேதி, ஒரே பெயர், இரண்டு புக்கிங். இரண்டும் உறுதி. அம்மாள் பொத்தானை இரண்டு முறை அழுத்திவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒன்றில் ஊர் வைகுண்டம், இன்னொன்றில் செங்கல்பட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மாளின் தம்பி செங்கல்பட்டிலிருந்து போன் செய்தார். அம்மாள் ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, நல்லபடியா ஆச்சா? நானும் இங்கேருந்து அதே நேரத்துல பெருமாள் பேர்ல அதே தேதிக்கு ஒண்ணு போட்டுட்டேன். கடற்கரையில கரண்ட்டு, நெட்டு எது எப்பப் போகும்னு சொல்ல முடியாது. முகூர்த்தம் வீணாயிடக் கூடாது பாரு."

பாவம், நல்ல எண்ணத்தில் செய்தது. எங்கள் புரோகிராம் அவருக்கு மன்னிப்பு சொல்லித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நாவலூரில் நாங்கள் எத்தனை முறை அழுத்தியும் நடக்காதது, இங்கே அக்காவும் தம்பியும் ஒரு முறை அழுத்தியதில் நடந்துவிட்டது.

பிரபு ஓடி வந்தார். "இப்பவே சரி பண்ணிடறனுங்க" என்று கீபோர்டை இழுத்தார். அவர் கையைப் பிடித்தேன். பதற்றத்தில் தொட்டால் எது முதலில் இருந்த தப்பு, எது இப்போது நாம் போட்ட தப்பு என்று பிறகு பிரித்துப் பார்க்க முடியாது. திறந்திருப்பது ஒரே ஒரு காட்டேஜ். அதில் வரப் போகிறவர் பெருமாள். அவர் பெட்டியோடு வாசலில் நின்று யாரையும் கேள்வி கேட்கப் போவதில்லை. அவசரப்பட எதுவுமே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறைத்துச் சமாளிக்கவும் ஒரு வழி இருந்தது. ஒரே பெயர்தானே, ஒரே ஆள் என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது என்று சொல்லியிருக்கலாம். அம்மாள் நம்பியிருப்பார். ஆனால் தயாளன் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கைவிரல்கள் மேசையின் ஓரத்தைப் பிடித்திருந்தன.

"அம்மா, இது எங்க தப்பு. ஒரே ரூம ரெண்டு பேருக்கும் குடுத்துடுச்சு. தயாளனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றேன்.

 அம்மாள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு புக்கிங்கையும் படித்தார். சுவரில் மணி பார்த்தார்.

"முகூர்த்தத்துக்குள்ள ஆரம்பிச்சாச்சா, இல்லியா?"

"ஆரம்பிச்சாச்சும்மா."

"அப்போ சரி. ஆரம்பிக்கத்தான் நாள் பாக்கணும். ரிப்பேருக்கு ஏது நாளு? மார்கழி பூரா உக்காந்து சரி பண்ணுங்க." பிறகு திரும்பினார். "ஏன் தயாளா அப்படி முழிக்கற? ரெண்டு பெருமாள்தானே. ஒருத்தர உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. உன் மாமியார் பாத்துப்பாங்க."

தயாளன் முதலில் அழுதுவிடுவார் போல இருந்தது. பிறகு சிரித்தார்.  அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஆறிப்போன பொங்கலைச் சாப்பிட்டு முடித்தேன்.

காரணத்தை அன்று பிற்பகலே கண்டுபிடித்தோம். பிரபுவின் கம்ப்யூட்டரில் எங்கள் புரோகிராம் ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்தது. சர்வரிலோ, கூட்டத்தைச் சமாளிக்க அதையே பல பிரதிகளாக ஓடவிடுவதுதான் அந்த ஃபிரேம்வொர்க்கின் வழக்கம். எந்த அறையை யார் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதை ஒவ்வொரு பிரதியும் தன் ஞாபகத்தில் மட்டும் வைத்துக்கொண்டது, பக்கத்துப் பிரதியிடம் சொல்லவில்லை. அக்கா ஒன்றிடம் கேட்டார், தம்பி இன்னொன்றிடம் கேட்டார். இரண்டும் தாராளமாகக் கொடுத்துவிட்டன. அந்த ஞாபகத்தை எல்லாப் பிரதிகளும் பார்க்கிற பொதுவான டேட்டாபேஸ் என்கிற ஒரே பதிவேட்டில் எழுதி வைக்கும்படி மாற்றினோம். ஃபிரேம்வொர்க் மேல் குற்றம் இல்லை. அது எங்கே, எப்படி ஓடப் போகிறதோ அப்படி வைத்து நாங்கள் அதைச் சோதிக்கவில்லை. மாடல் ஃபிளாட்டில் பால் காய்ச்சிவிட்டு வந்திருந்தோம், அம்மாள்தான் எங்களை நிஜ அடுப்புக்கு இழுத்துக்கொண்டு போனார்.

எல்லாக் காட்டேஜையும் அந்தப் புதன்கிழமையே திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்கழியில் மெதுவாகக் குடி போனோம். கடலோரக் காட்டேஜ் முதலில். அது நன்றாக ஓடியதும் அதற்குப் பக்கத்தில் இருந்தவை. பிறகு தோட்டத்துப் பக்கம் இருந்தவை. ஒவ்வொன்றையும் புதியதற்கு மாற்றியதும் போர்டில் அந்தக் காட்டேஜின் வரிசையைத் தயாளன் துடைத்துவிடுவார். ஏதாவது கோளாறு என்றால் மறுபடி போர்டில் எழுதிக்கொள்ளலாம் என்று சாக்பீஸைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். இன்றைக்கு நீங்கள் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதற்கு அழகான இங்கிலீஷ் பெயர்கள் வைத்திருக்கிறீர்கள். எங்கள் ஆபீசில் கடைசிவரை அதற்குப் பால் காய்ச்சுவது என்றுதான் பெயர்.

வருடக் கடைசி வந்தது. ஹோட்டல் நிரம்பிக்கொண்டிருந்தது. ஒரு நாள் மதியம், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருக்கும்போது தயாளனிடமிருந்து போன். பின்னால் கல் அறுக்கிற மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

"மேடம், ஒருத்தர் என்னிய போன்ல கிழி கிழின்னு கிழிக்கிறாரு."

 "என்ன ஆச்சு?"

"கடைசி காட்டேஜாம். பேர அடிச்சுகினே இருந்தாராம். கண்ணு முன்னாடியே பூட்ச்சாம். ஸாரின்னு வந்துச்சாம். 'இது இன்னாயா வெப்சைட்டு, திருட்டு வெப்சைட்டு'ன்றாரு. ஊட்டுக்காரம்மா வேற பின்னால நின்னுகினு திட்டுது."

"தயாளன், அந்தக் காட்டேஜ் யாருக்குப் போயிருக்கு? பாருங்க."

"பாத்துட்டேன் மேடம். பாண்டிச்சேரிக்காரங்க எடுத்துகினு கீறாங்க. ஒருத்தருக்குத்தான் கீது. நல்லா பாத்துட்டேன். ஒருத்தருக்கேதான்."

பிரபு நிமிர்ந்து பார்த்தார். 

"நீங்க அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"ரொம்ப தேங்க்ஸ் சார்னு சொல்ட்டேன் மேடம். வாயில தானா வந்துடுச்சு. அவரு இன்னும் ஜாஸ்தியா கத்த ஆரம்பிச்சுட்டாரு."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். எதிர் மேசையிலிருந்து பிரபு எழுந்து ஓடி வந்து, "என்னாச்சுங்கக்கா? யாரு திட்டறாங்க?" என்று பதறினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை அவரிடம் கொடுத்தேன். "கேளு. நம்மள எவ்ளோ அழகா திட்டறாங்கன்னு தயாளன் வாயாலயே கேளு" என்றேன்.